முதலில் எழுந்திருக்கிறவன் புரோட்டா வாங்க வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிரிப்புச் சத்தத்திலிருந்து கிடைத்தது. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தாறாம் வருஷத்துக் குற்றால சீசன். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு தோப்பு வீட்டில், டிரைவர் அய்யாக்குட்டியின் நினைவு நாளுக்கு அவருடைய கூட்டாளிகள் கூடியிருந்தார்கள். அவர் இறந்தது ஐப்பசியில். ஆனால் ஐப்பசியில் குற்றாலத்துக்கு யார் வருவார்கள் என்று நினைவு நாளை ஆனி மாதத்துக்கு மாற்றியிருந்தார்கள். (இந்த ஒரு தகவலுக்கே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.) கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் நெல்லையப்பன், புளியங்குடி எலுமிச்சைக்குத் தென்காசியில் கமிஷன் கடை வைத்திருப்பவர். கூட்டாளிகளிலேயே பெரிய வாய் அவருக்குத்தான். அய்யாக்குட்டியின் சாகசங்களை எழுதினால் புத்தகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். பேனாவும் தாளுமாகப் போனேன்.

ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். தோப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். அப்போது அடுக்களைப் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துப் பேசினாள். அவள் அய்யாக்குட்டியின் ஒரே மகள், குழல்வாய்மொழி. இருபது வயது.

"நல்லா எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. அன்னைக்கும் இதே ஆளுக, இதே கதைகளைத்தான் சொன்னாவ. எங்கப்பா நடுவுல கட்டில்ல கெடந்து செத்துக்கிட்டு இருந்தாவ."

ஒருவர் இன்னொருவரிடம் பாயசம் போதுமா என்று கேட்டார்.

கோபத்தோடு எழுத உட்காரக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஆறிய பிறகு எழுதிக்கொள்ளட்டும். நான் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "திரிகூட மலையின் மடியில், சாரல் பூத்தூவலாய்ப் பொழியும் ஒரு காலைப் பொழுதில், அருவியின் ஓசையையே தாலாட்டாய்க் கேட்டு வளர்ந்த…"

அடித்துவிட்டேன். அய்யாக்குட்டி வளர்ந்தது தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால். அங்கே அருவிச் சத்தம் கேட்காது, எஞ்சின் சத்தம்தான் கேட்கும். குற்றாலத்தைப் பற்றி எழுதும்போது கைக்கு என்னதான் ஆகிறதோ, தானாகச் சாரலில் நனைந்துகொண்டு போய்விடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: "அய்யாக்குட்டி பயம் என்றால் என்னவென்றே அறியாதவர்." இதைக் குழல்வாய்மொழியிடம் படித்துக் காட்டினேன். அவள் தென்காசித் தபாலாபீசில் டெலிபோன் ஆப்பரேட்டர். வெளியூருக்கு டிரங்க் கால் பேசுகிறவர்களை மூன்று நிமிடத்தில் வெட்டிவிட்டுப் பழகியவள். என்னையும் அப்படியே வெட்டினாள். அப்பா ஊசிக்குப் பயப்படுவார் என்றாள். கரப்பான் பூச்சி வந்தால் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிடுவார். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"பயம் இல்லாத ஆளுன்னு எழுதாதிய அண்ணாச்சி. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான்…"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

மூன்றாவது தொடக்கம்: "அவரிடம் ஒரு பழைய ஆஸ்டின் கார் இருந்தது."* இது நிற்கிறது. உண்மைக்கு அலங்காரம் தேவைப்படாத ஒரே வாக்கியம் இதுதான் போலிருக்கிறது.

* ஊரில் யாரும் அதைக் கார் என்று சொல்லவில்லை. பிளசர் என்றார்கள். சீசனில் ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஆள் ஏற்றும். மற்ற மாதங்களில் கல்யாணத்துக்கும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கும் வாடகைக்குப் போகும். சாவி வீட்டில் கட்டிலுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். இந்த ஆணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

இனி நீங்கள் எதற்காக வந்தீர்களோ அது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், பேரருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. குளிக்க வந்த கூட்டம் பின்வாங்கி நிற்கிறது. அய்யாக்குட்டி மட்டும் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார். போனவர் வரவில்லை. தண்ணீருக்குப் பின்னால் பாறையில் ஓர் ஆள் ஒண்டி நகரும் அளவுக்கு இடுக்கு இருப்பது அவருக்கு மட்டும் தெரியும். கரையில் அவர் மனைவி தங்கத்தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அவருடைய உயிர்ச் சிநேகிதர், லாரி டிரைவர் அப்துல் மஜீது, நீச்சல் சரியாகத் தெரியாதவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் பாய்கிறார். இதற்குள் அய்யாக்குட்டி மறுபக்கம் வந்து, புதர் வழியாக ஏறி, கூட்டத்துக்குள் புகுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து அழுகிறார். பக்கத்தில் நின்றவரிடம் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்கிறார்.

"போயிட்டது யாரு அண்ணாச்சி? நல்ல மனுசனா?"

[சிரித்தீர்கள். பரவாயில்லை, நானும் சிரித்தேன். ஆனால் சிரித்தீர்கள் என்பதைக் குறித்துவைக்கிறேன்.]

அன்று தங்கத்தாய் அவரை ஊர் பார்க்கத் துண்டாலேயே அடித்தாள். மஜீதை இரண்டு பேர் தூக்கிக் கரையேற்றினார்கள். அதற்குப் பிறகு அய்யாக்குட்டிக்குச் செத்துப்போவது ஒரு பழக்கமாகிவிட்டது. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டை மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பண்பொழி மலைக்கோயில் படியில் கண் செருகி உட்கார்ந்தார். மஜீதின் கல்யாண விருந்தில் பிரியாணித் தட்டிலேயே முகம் கவிழ்ந்தார். அத்தனை தடவையும் கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்து சுற்றிப் பார்ப்பார்.

அப்போதுதான் நெல்லையப்பன் ஒரு பந்தயம் கட்டினார். இனி அய்யாக்குட்டி சாகும்போது எவன் முதலில் நம்பி எழுந்திருக்கிறானோ, அவன் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும். கூட்டாளிகளுக்கு இது பிடித்துப்போயிற்று. அய்யாக்குட்டி விழுவார், வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் அவரைப் பார்க்க மாட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யார் அசைகிறான் என்று. ஒவ்வொரு தடவையும் மஜீதுதான் அசைந்தார், மஜீதுதான் வாங்கிக் கொடுத்தார். பத்து வருஷம். ஊரில் அவருக்குப் புரோட்டா மஜீது என்றே பேர் விழுந்துவிட்டது.

அறுபத்து மூன்று ஆவணியில் கடைசியாகத் தோற்றபோது மஜீது கடைவாசலில் வைத்து அய்யாக்குட்டியின் தோளைத் தட்டிச் சொன்னாராம்: "இனிமே நீ நெசமாவே செத்தாலும் நான் எந்திரிக்க மாட்டம்லே."

எல்லோரும் சிரித்தார்கள். அய்யாக்குட்டிதான் அதிகம் சிரித்தார்.

4

இன்னொரு கதை இருக்கிறது. தோப்பு வீட்டில் யாரும் இதைச் சொல்லவில்லை. சிரிப்பு வராத கதை, அதனால். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஐம்பத்து எட்டில் ஐப்பசி மழை. பண்பொழியில் முப்பிடாதியம்மாள் என்ற பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, அவள் புருஷன் தென்காசிக்கு ஓடி வந்து அய்யாக்குட்டி வீட்டு வாசலில் நின்றான். அவன் கடந்து வந்த கையோடு ஆற்றில் வெள்ளம் தரைப்பாலத்துக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. அய்யாக்குட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் எழுந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார், விசிறி சுற்றினால் எஞ்சின் மேல் தண்ணீரை வாரி இறைக்கும் என்பதால். புகைக்குழாயில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி மேலே தூக்கிக் கட்டினார். வெள்ளம் வண்டியைத் தூக்கிவிடாமல் இருக்கக் கனத்துக்கு நான்கு பேரை மட்கார்டு மேல் ஏற்றி உட்காரவைத்தார். அவர்களில் ஒருவர் மஜீது. போகும்போது ஒரு தடவை, அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது ஒரு தடவை, அந்தத் தண்ணீரைக் கடந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இதில் அவர் விழவில்லை, கண்ணைச் செருகவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஒருத்திக்கு வலிக்கிறது என்று கேட்டதும் எழுந்தார். இதைக் கதை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாத கூட்டத்தை என்னவென்று சொல்வது? சாகசக்காரன் என்று ஒருத்தனுக்குப் பேர் வைத்துவிடுகிறோம். அந்தப் பேருக்குள் வேடிக்கைக்குத்தான் இடம். அதற்குப் பிறகு அவனுக்கு வயிறு வலிக்கக்கூட உரிமை இல்லை.

[என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். மூன்றாம் பகுதி எவ்வளவு நீளம், இது எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.]

5

இப்போது அந்த நாள். இதில் வர்ணனை கிடையாது.

அறுபத்து மூன்று ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை. தங்கத்தாய் தன் தங்கையின் பிரசவத்துக்காகப் புளியங்குடி போயிருந்தாள். அய்யாக்குட்டிக்கு வியாழக்கிழமையிலிருந்தே வயிற்றில் வலி. ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டே இரண்டு வாடகைக்குப் போய்வந்திருந்தார். ஞாயிறு காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தேனருவிக்கு நடந்து போகலாம் என்று பேசிவைத்திருந்த கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள். அவர் கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தார். வாசலில் வண்டி நின்றது.

"வலிக்குலே" என்றார்.

கொல்லென்று சிரிப்பு. பாயை விரித்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். குழல்வாய்மொழி அப்போது பதினேழு வயசுப் பெண். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நெல்லையப்பன் பேரருவிக் கதையை ஆரம்பித்தார். அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, இத்தனை பேர் வந்துவிட்டார்கள், இனிக் கவலை இல்லை என்று. அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

அவள் சொன்னாள், அப்பாவுக்குக் காய்ச்சலும் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. மகளையும் நடிப்பில் சேர்த்துவிட்டான் பாருங்கலே என்றார் ஒருவர். இதில் கொடுமை என்னவென்றால் அய்யாக்குட்டியும் உதவினார். நெல்லையப்பன் கதையில் மூக்கைச் சிந்துகிற இடத்தை விட்டுவிட்டுப் போக, கட்டிலிலிருந்து ஈன சுரத்தில் அதை எடுத்துக் கொடுத்தார். பழகிய வாய். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சும்மா இருக்க வராது. அதற்கு ஒரு சிரிப்பு. அதன் பிறகு அவர் சொன்ன எதையும் ஒருவரும் நம்பவில்லை.

சந்தைக் கதை முடிந்து, மலைக்கோயில் கதை முடிந்து, விருந்துக் கதை வந்தபோது குழல்வாய்மொழி கட்டில் மேல் ஏறி ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் இலஞ்சிச் சாலையில் அதிகாலைகளில் அப்பாவே சொல்லிக்கொடுத்திருந்தார். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்று தங்கத்தாய் கேட்டதற்கு, எனக்கு ஒண்ணுன்னா அவதானே ஓட்டணும் என்று சொல்லியிருந்தார்.

"நானே கொண்டு போறேன். தூக்கிப் பின்சீட்டில மட்டும் படுக்க வைங்க மாமா. அது போதும்."

அவள் கேட்டது மஜீதிடம். மஜீது எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவள் கையிலிருந்து சாவியைச் செல்லமாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சும்மா இரு தாயி. நீ எந்திரிச்சா உங்கப்பன் ஜெயிச்சிருவான்."

சரி, தானே நடந்தாவது போய் டாக்டரைக் கூட்டிவரலாம் என்று கிளம்பினாள். அப்பாவை இவர்களிடம் தனியாக விட்டுப் போக மனம் வராமல் வாசல்வரை போய்த் திரும்பினாள். கதை தொடர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் அய்யாக்குட்டி பேசுவதை நிறுத்தினார். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கூட்டாளிகளும் பேச்சை நிறுத்தினார்கள். பத்து வருஷப் பழக்கம்: கட்டிலைப் பார்க்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தத் தடவை நல்லாவே நடிக்கான்" என்றார் நெல்லையப்பன்.

6

இங்கே நிறுத்துகிறேன். ஏனென்றால் இதற்கு மேல் மூன்று முடிவுகள் என்னிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

முதலாவது நெல்லையப்பன் கொடுத்தது. இப்படி ஒரு ஆளைக் கட்டிலில் சாகவைத்தால் யார் படிப்பார்கள் என்று கேட்டார். பேரருவியிலேயே போனதாக எழுதிவிடும், மலையே தன் பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று ஒரு வரி போடும், கண்ணீர் வரும் என்றார். அவர் முகத்தில் கொஞ்சமும் சங்கடம் இல்லை. அன்று தன் வாயால் ஒரு மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவே இல்லை; இன்னும் ஒரு நல்ல கதை கிடைக்கப்போகிறது என்றுதான் தெரிந்தது. வெளியே போகும்படி சொல்லிவிட்டேன். என் வீட்டில் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாவது, நடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் தங்கத்தாய் புளியங்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கட்டிலை ஒரு பார்வை பார்த்தாள். வண்டியை எடுங்கலே என்றாள். தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, குடல்வால் உடைந்திருக்கிறது, உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்கள் என்றார். எப்போதிலிருந்து இப்படி, இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆலங்குளம் வருவதற்குள் முடிந்துவிட்டது. வண்டி ஓட்டியது மஜீது.

மூன்றாவது, மஜீது கொடுத்தது. முதலில் இவரை வில்லனாக எழுதத்தான் நினைத்தேன், வசதியாகவும் இருந்தது. சாவி அவர் பையில்தானே இருந்தது. தோப்பு வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல், பாயசத்தைத் தொடாமல் நின்றிருந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒருநாள் என்னைத் தேடி வந்தார். கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் யார் வீட்டிலும் உட்காருவதில்லையாம். சுவரோடு நின்றுகொண்டே கேட்டார்.

"கதைதானே அண்ணாச்சி. நான் எந்திரிச்சேன்னு எழுதிப் போடுங்களேன். ஒரே ஒரு தடவை. நெசத்துல பத்து வருசம் எந்திரிச்சவன்தானே நானு."

எழுதினேன். பொய் சொல்லவில்லை, அன்றைக்கே எழுதினேன். "மஜீது எழுந்தார். வட்டம் முழுவதும் கைதட்டிச் சிரித்தது. அவர் அதைக் கவனிக்காமல் குனிந்து அய்யாக்குட்டியை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி…"

அதற்குள் குழல்வாய்மொழி படித்துவிட்டாள். தாளை என் மேஜையில் வைத்தாள். கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கப்பா மேல உசிரு வச்சிருந்த மனுசன் அவுக. அதனாலதான் எனக்கு ஆறல" என்றாள். "மத்தவுக எந்திரிக்காதத விட்டுத் தொலைச்சிருப்பேன். அவுகளக் கதையில எந்திரிக்க வச்சிட்டா, அன்னைக்கு உக்காந்திருந்தது இல்லன்னு ஆயிருமா?"

அப்படியானால் நடந்ததையே எழுதி முடித்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் சம்மதிக்கவில்லை. அப்பாவை ஆலங்குளத்தில் விட்டுவிட்டு நீங்கள் பேனாவை மூடிப் போய்விடுவீர்கள், படிக்கிறவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள் என்றாள். சரி, நான் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன், எரிச்சலாகவே.

"மத்தியானத்தோட நிறுத்திருங்க. எங்கப்பாவுக்கு இன்னும் மூச்சு இருக்கு. படிக்கிறவுகளும் இவ்வளவு நேரம் உக்காந்து கதைதானே கேட்டாவ. அவுக எந்திரிக்கட்டும்."

7

ஆகவே மத்தியானம்தான்.

அய்யாக்குட்டி கட்டிலில் கிடக்கிறார். மூச்சு இருக்கிறது. ஆணியில் ஒன்றும் இல்லை. சாவி மஜீதின் சட்டைப் பையில் இருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது, பெட்ரோல் போட்டிருக்கிறது. பதினேழு வயசுப் பெண் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். மஜீதின் முழங்கால் லேசாக அசைகிறது, பிறகு அடங்குகிறது. வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். முதல் பகுதியிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், பேரருவிக் கதைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தீர்கள்.

இப்போது அவள் உங்களைப் பார்க்கிறாள்.

பந்தயம் உங்களுக்குத் தெரியும். எழுந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், ஊரில் ஒரு பேரும் விழும். நடிப்பாகவே இருந்தாலும் போகிறது, ஒரு வேளை புரோட்டா. அதையும் நான் வாங்கித் தந்துவிடுகிறேன். எழுந்திருங்கள்.